துடைத்த கை

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரைப் போட வேண்டாம்.

என் மகளுக்கு இருபத்தெட்டு வயது. உடன் வேலை பார்க்கும் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அவர் கறுப்பினத்தவர். நல்ல படிப்பு, நல்ல வேலை, அமைதியான சுபாவம். குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் என் கணவரும் நிறம் பார்க்கிறவர்கள் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். என் அண்ணன் மகன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது குடும்பமே கொண்டாடியது. நானும்தான்.

போன மாதம் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். கை கொடுத்தார், நானும் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் என் கையைத் துண்டில் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கையில் ஈரமில்லை, அழுக்கில்லை. மகள் பார்த்துவிட்டாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நான் இனவெறி பிடித்தவளா? எங்கள் கவலையெல்லாம் பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றித்தான். எந்தப் பக்கமும் சேராமல் அவர்கள் தவிக்க மாட்டார்களா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? அடுத்த மாதம் அவர் மறுபடி வருகிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தத் துண்டு வருகிற இடத்தைத்தான். நீங்கள் அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. எழுதினீர்கள். அதனால்தான் இந்தப் பதிலை நானும் பூசி மெழுகாமல் எழுத வேண்டியிருக்கிறது.

கேட்ட கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கை துடைத்தது இனவெறியால்தான். அண்ணன் மருமகளுக்குக் கை கொடுத்துவிட்டுத் துடைத்தீர்களா? இல்லை. அவரும் வேறு இனம்தான், குழந்தை பிறந்தால் அதுவும் கலப்பினக் குழந்தைதான். அன்றைக்கு யாரும் குழந்தைகளின் எதிர்காலத்தை நினைத்து ராத்திரி தூக்கம் கெட்டதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே உங்களைத் தொந்தரவு செய்வது கலப்பு இல்லை. எந்த நிறத்தோடு கலப்பு என்பதுதான்.

இதைப் படித்ததும் மனசு சுருங்கும். சுருங்கட்டும். ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். கை தானாகச் செய்தது ஒன்று. அதற்கப்புறம் நீங்கள் யோசித்து, தெரிந்தே செய்யப்போவது இன்னொன்று. உங்கள் மகள் இனிமேல் பார்க்கப்போவது இரண்டாவதைத்தான்.

அறிவியல் இதில் உதவுமா என்றால், கொஞ்சம்தான். தோலின் கருமை என்பது மெலனின் என்ற நிறமி. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக விழும் நிலங்களில் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததற்கான அடையாளம். மனிதர்களுக்கிடையே இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பது என்று மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவான்டின் 1972லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இதெல்லாம் உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் கை துண்டைத் தேடியது. படிப்பு போய்ச் சேராத இடத்தில் அது இருக்கிறது.

குழந்தைகளுக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு கறுப்பினப் பெண். மடியில் மூன்று வயதுப் பையன், நல்ல வெளுத்த நிறம், செம்பட்டைச் சுருள்முடி. பையனுக்குக் காய்ச்சல். அவள் தன் கன்னத்தை அவன் நெற்றியில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாகப் பேசுவதாக நினைத்து, "அம்மா வரலையா?" என்று கேட்டேன். "நான்தான் அம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில் அது. அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போல இருந்தது. அவளுடைய கன்னம் எத்தனை முறை அவன் நெற்றியைத் தொட்டது என்று பார்த்துக்கொண்டே இருந்தவன்தான் நான். அப்படியிருந்தும் அவளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த வேலைக்காரி என்றே எடுத்துக்கொண்டேன்.

கலப்பினக் குழந்தை கஷ்டப்படும் என்கிறீர்கள். படும், சில நாட்களில். ஆனால் அன்றைக்கு அந்தப் பையனுக்கு அதைக் கொடுத்தது அவன் அப்பா அம்மாவின் காதலா? நான்தான் கொடுத்தேன். கஷ்டம் கொடுக்கிறவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பெற்றவர்களைப் பார்த்து "குழந்தையை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ரிச்சர்ட் லவிங் வெள்ளையர். மில்ட்ரெட் கறுப்பினமும் செவ்விந்திய வம்சமும் கலந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இப்படிப்பட்ட திருமணம் குற்றம் என்பதால் 1958 ஜூனில் தலைநகர் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரங்களில், நடுராத்திரியில், உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃப் அவர்களுடைய படுக்கையறைக்குள்ளேயே வந்து நின்றார். கல்யாணச் சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இங்கே செல்லாது என்று சொல்லிக் கைது செய்தார். ஓராண்டுச் சிறை. 25 வருடம் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் அதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார் நீதிபதி.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது மாநிலத்தின் வழக்கறிஞர் எடுத்து வைத்த வாதம் என்ன தெரியுமா? இத்தகைய குடும்பங்களுக்கு நெருக்கடிகள் அதிகம், குழந்தைகள்தான் பலியாகிறார்கள் என்பது. உங்கள் கடிதத்தில் இருப்பது அப்படியே அதுதான். நடுராத்திரியில் கதவைத் தாண்டி வந்த சட்டத்துக்கும் குழந்தைகள் மீது இவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது! ரிச்சர்ட் பெரிய வாதம் எதுவும் செய்யவில்லை. என் மனைவியை நான் நேசிக்கிறேன், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாது என்பது அநியாயம், இதை நீதிபதிகளிடம் சொல்லுங்கள் என்று தன் வழக்கறிஞரிடம் சொன்னார். அவ்வளவுதான். 1967 ஜூன் 12 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள்.

இன்னொரு குடும்பம். ஆப்பிரிக்காவில் அன்று பெச்சுவானாலாந்து என்று அழைக்கப்பட்ட நாட்டின் ஒரு பெரிய தலைமைக் குடும்பத்து வாரிசு செரெட்சே காமா. லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை 1948ல் மணந்தார். தலைமைப் பொறுப்பில் இருந்த சித்தப்பா கொதித்தார். பெண் வீட்டிலும் எதிர்ப்பு. பக்கத்து நாடான தென்னாப்பிரிக்கா 1949ல் வெள்ளையர் மற்றவரை மணப்பதையே தடை செய்து சட்டம் போட்டது. அதைப் பகைத்துக்கொள்ள விரும்பாத பிரிட்டிஷ் அரசு, 1950ல் செரெட்சேயை லண்டனுக்கு வரவழைத்துத் திரும்பிப் போகவிடாமல் தடுத்தது. 1956ல், தலைமைப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஊர்க்காரர்கள் செய்த காரியம். முதலில் அவர்களும் இந்தக் கல்யாணத்தை ஏற்கவில்லை. ஊர்க்கூட்டம் கூடியது, பேசினார்கள், மறுபடி கூடியது, மறுபடி பேசினார்கள். 1949 நடுவில் நடந்த கூட்டத்தில் பெரும்பான்மையோர் எழுந்து, இவர்தான் எங்கள் தலைவர், மனைவியோடு வரட்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொன்ன அதே மக்கள், சில மாதங்களில். 1966ல் அந்த நாடு போட்ஸ்வானாவாக விடுதலை பெற்றபோது செரெட்சே அதன் முதல் ஜனாதிபதி. எந்தப் பக்கமும் சேராமல் போயிருக்க வேண்டிய அவர்களுடைய மூத்த மகன் 2008ல் அதே நாட்டின் ஜனாதிபதி ஆனார். உங்கள் பேரப்பிள்ளை ஜனாதிபதி ஆக வேண்டியதில்லை. காய்ச்சலோடு மடியில் கிடக்கும்போது அது யார் குழந்தை என்று யாரும் கேட்காமல் இருந்தால் போதும்.

நாலு பேரைப் பற்றி. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணப்பதை ஏற்கிறீர்களா என்று கருத்துக் கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1958ல் கேட்டபோது 4 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். லவிங் தம்பதி கல்யாணம் செய்துகொண்ட வருடம் அது. 2021ல் 94 சதவீதம். ஆனாலும், 1967 தீர்ப்பால் செல்லாமல் போன இதே மாதிரித் தடையைத் தன் அரசியல் சாசனத்திலிருந்து நீக்கலாமா என்று 2000ல் அலபாமா மாநிலம் வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் கூடாது என்றார்கள். கருத்துக் கணிப்பில் ஒரு முகமும் வாக்குப் பெட்டிக்கு முன்னால் வேறொரு முகமும் இருக்க வாய்ப்புண்டு. நீங்களும் போன மாதம் வரைக்கும் அந்த 94 சதவீதத்தில்தான் இருந்தீர்கள், இல்லையா?

ஒரு காகிதத்தை எடுத்து அந்த நாலு பேரின் பெயர்களை எழுதிப் பாருங்கள். உண்மையாகவே பெயர்களை. எனக்குத் தெரிந்து பலருக்கு நான்காவது பெயர் கிடைப்பதில்லை. முதல் பெயர் சில சமயம் நம்முடையதாகவே இருக்கும்.

அடுத்த மாதம் அவர் வரும்போது "நான் நிறமெல்லாம் பார்ப்பதில்லை" என்று சொல்லாதீர்கள். அவர் பிறந்ததிலிருந்து அந்த நிறத்தோடுதான் வாழ்கிறார், அதனால் பட்டதும் பெற்றதும் அவரிடம் நிறைய இருக்கும். பார்க்கவில்லை என்றால் அதையெல்லாம் கேட்கவும் மாட்டேன் என்று ஆகிவிடுகிறது. "பார்த்தால் அப்படித் தெரியவே இல்லை, எங்களைப் போலவே இருக்கிறார்" என்றும் சொல்ல வேண்டாம். எந்த மாப்பிள்ளையிடமும் கேட்பதையெல்லாம் கேளுங்கள்: கோபம் வந்தால் என்ன செய்வார், பணத்தை எப்படிப் பார்க்கிறார், அவருடைய அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் என்ன பயம். ஆமாம், அங்கேயும் ஒரு அம்மா இருக்கிறார். தன் பையன் போகும் வீட்டில் அவனை எப்படி நடத்துவார்களோ என்று அவரும் தூங்காமல் கிடக்கலாம். உறவுக்காரர் யாராவது நிறத்தை வைத்து ஒரு பேச்சு ஆரம்பித்தால், அதை முதல் வாக்கியத்திலேயே நிறுத்த வேண்டியவர் நீங்கள். மகளோ அவரோ பதில் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மகள் அந்தத் துண்டைப் பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஒரு மாதமாக இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் வருவதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அன்றைக்கு நான் கையைத் துடைத்தேன், நீ பார்த்தாய்" என்று நீங்களே ஆரம்பியுங்கள். காரணம் எதுவும் தேட வேண்டாம். அவள் அழலாம், கத்தலாம், எழுந்து போய்விடலாம். எதுவானாலும் சரி. பேசிய பிறகு முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.