கால் வீக்கத்துக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை. இரத்த அழுத்தத்துக்கு ஓராண்டாக அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறேன். மாலையானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கி, காலையில் வடிந்துவிடுகின்றன. தண்ணீரைக் குறைத்துக்கொண்டு பார்லிக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார்கள். உணவில் என்ன மாற்றம் செய்யலாம்?

பதில்: நீங்கள் குறைக்க வேண்டியது தண்ணீரை அன்று, உப்பை. உப்பிலுள்ள சோடியம் உடலில் தங்கும்போது நீரையும் தன்னோடு தேக்கிக்கொள்கிறது. நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு அந்த நீர் கணுக்காலில் இறங்கி நிற்கிறது. இருதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் நோய் உள்ள சிலருக்கு மட்டுமே மருத்துவர் தண்ணீரை அளந்து கொடுப்பார்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, ரசம், பொரியல், மோர் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே உப்பு விழும் நம் சமையலில் இதை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள்: நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராது என்பதால், முதலில் கைவைக்க வேண்டியது அவற்றில்தான். இந்துப்புக்கு மாறுவதில் பயனில்லை. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

பார்லிக் கஞ்சியால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் உப்பைப் போட்டு, ஊறுகாயையும் தொட்டுக்கொண்டால் குடித்ததற்குப் பலன் இருக்காது.

இவ்வளவும் செய்தும் வீக்கம் குறையாவிட்டால் உங்கள் சமையலைக் குறை சொல்லாதீர்கள். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு; சிறு தமனிகளை அது விரிப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது, அதைப் பத்தியத்தால் தடுக்க முடியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அவர் அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம்.

அவரிடம் போகும்போது சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின், ஆல்புமின் ஆகிய பரிசோதனைகளையும் கேளுங்கள். சிறுநீர் நுரைத்துப் போவதும் காலையில் முகம் வீங்கியிருப்பதும் சிறுநீரகத்தின் பக்கம் கைகாட்டும் அறிகுறிகள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.