செர்ரிப் பூவும் முழுப்பரீட்சையும்

கேள்வி: என் மகள் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற வீடியோ கேம் விளையாடுகிறாள். பரீட்சை முடியும்வரை எடுத்து வைக்கிறேன் என்றால், "செர்ரிப் பூ போயிரும்மா" என்று அழுகை. விளையாட்டில் இருக்கிற பூ எங்கே போகும்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: நிஜமாகவே போய்விடும் தாயி! 2020 மார்ச்சில் வந்த அந்த விளையாட்டு நம் காலண்டரோடுதான் ஓடுகிறது. விளையாட்டில் மகளுக்கென்று இருக்கிற தீவு வட அரைக்கோளத் தீவு என்றால் ஏப்ரல் 1 முதல் 10 வரைதான் செர்ரிப் பூ. தென் அரைக்கோளம் என்றால் அக்டோபரில். பறக்கிற இதழ்களை வலையால் பிடிக்க வேண்டும். அதை வைத்துச் சாமான் செய்யும் குறிப்பு பலூனில் மிதந்து வரும், உண்டிவில்லால் அடித்து இறக்கணும். (மதுரை வெயிலில் இப்படியும் ஒரு வசந்தம்!)

விளையாட்டுக் கருவியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினால் பூ திரும்ப வரும். ஆனால், விளையாட்டுக்குள் விற்பதற்காக வாங்கி வைத்திருக்கிற டர்னிப் கிழங்கு எல்லாம் அழுகிவிடும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

தினமும் கொஞ்ச நேரம் இதழ் மட்டும் பிடிக்க விடுங்கள். பிடித்த இதழ் வாடாது, விளையாட்டு வீட்டில் சேர்த்து வைக்கலாம். சாமான்களைப் பரீட்சை முடிந்து செய்யட்டும். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் பூ முடிந்துவிடும் என்பதால், திருவிழாவுக்குக் கிளம்பும்போது சண்டை இருக்காது.