டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் இந்த மாதம் மட்டும் நான்கு பேருக்கு டெங்கு. என் மூத்த மகளும் (9 வயது) ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் சாக்கடையே இல்லை. வாசலில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம், சாயங்காலம் ஆனால் ஜன்னலை மூடிவிடுகிறோம். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் என்பதால் டிரம்களில் பிடித்து வைக்கிறோம், அதற்கும் மூடி இருக்கிறது. புகை அடிக்க எழுதிக் கொடுத்தும் ஒரே ஒரு தடவைதான் வந்தார்கள். அப்புறம் எப்படி வந்தது? இளையவனுக்கு வராமல் இருக்க நிலவேம்புக் கஷாயம் போதுமா? தெருவாகச் சேர்ந்து என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: மகள் நல்லபடியாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்ற அந்த வரிதான் விடை.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, காலில் வெள்ளை வளையம் வளையமாக இருக்குமே, அதற்குச் சாக்கடை பிடிக்காது. நாம் குடிக்கிற, குளிக்கிற தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். உங்கள் ஊர்த் தண்ணீர் முறையும் எட்டு நாள். இரண்டும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. அடுத்த முறை தண்ணீர் வருமா வராதா என்று யாருக்கும் நிச்சயம் இல்லை, அதனால் டிரம்மின் அடியில் ஒரு சாண் தண்ணீரை யாரும் கொட்டுவதில்லை, புதுத் தண்ணீரை அதன் மேலேயே பிடிக்கிறோம். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கறுப்பாக, கடுகைவிடப் பொடியாக இருக்கும், அழுக்கு என்றுதான் நினைப்போம். தண்ணீர் குறையும்போது அது காய்ந்து கிடக்கும், மாதக்கணக்கில் கூடச் சாகாது. புதுத் தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். ஆக, டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அப்படியே திரும்பப் பிடித்தால் முட்டை அங்கேயேதான் இருக்கிறது. தேங்காய் நார் போட்டு உள்சுவரை, அதுவும் முக்கியமாக மேல் பாதியை, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மூடி இருக்கிறது என்கிறீர்கள். சரி, இன்றைக்குக் காலையில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்த உடனே ஒன்றும் தெரியாது, நிழல் பட்டதும் கூத்தாடிப் புழுக்கள் சடாரென்று அடிக்குப் போய்விடும். அசையாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள், மூச்சு வாங்க ஒவ்வொன்றாக நெளிந்துகொண்டு மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் கொசுவுக்கு அது வாசல் மாதிரி. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, விளிம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி அதன் மேல் மூடியைப் போடுங்கள், துணி தொய்ந்து தண்ணீரில் படக் கூடாது.

இதை நான் பெரிய யோக்கியன் மாதிரிச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்குக் கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளரிடம், ‘இது டாக்டர் வீடும்மா, இங்கே ஒன்றும் இருக்காது’ என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்துத் தட்டை உருவி என் முன்னால் நீட்டினார், ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து அந்தத் தட்டைக் கழுவுவது என் வேலை.

புகை விஷயத்துக்கு வருகிறேன். புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கிற புழுவையும் சுவரில் இருக்கிற முட்டையையும் ஒன்றும் செய்யாது. தவிர, ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலடியிலும், கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும், புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் கதவு ஜன்னலை எல்லாம் சாத்தி அதைப் பத்திரமாகப் பாதுகாக்கிறோம்! டெங்கு வந்த தெருவில் புகைக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது டிரம்களுக்கு வாராவாரம் அபேட் என்கிற, புழுவைக் கொல்லும் மருந்து ஊற்றச் சொல்லி. மருந்து வாடை வருகிறது என்று பணியாளர் போனதும் தண்ணீரைக் கொட்டிவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிதண்ணீரில் இதைச் சேர்க்க உலக சுகாதார நிறுவனமே அனுமதித்திருக்கிறது, பயப்பட வேண்டாம். வாசலில் போடுகிற பிளீச்சிங் பவுடரால் இந்தக் கொசுவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தெருவாக என்ன செய்வது? இந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து வழக்கமாகச் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. அதாவது உங்கள் மகளைக் கடித்தது பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே பிறந்த கொசு. நீங்கள் ஒருவர் மட்டும் தேய்த்துக் கழுவிப் பயனில்லை, எல்லா வீட்டிலும் ஒரே நாளில் நடக்க வேண்டும். தண்ணீர் வருவதற்கு முதல் நாளை வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குத்தான் டிரம் ஏறக்குறைய காலியாக இருக்கும், கழுவினால் தண்ணீரும் வீணாகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரிடம் டார்ச்சைக் கொடுத்து வீடு வீடாகப் புழு தேட விடுங்கள், பெரியவர்கள் சொன்னால் கோபப்படுகிற ஆட்கள் கூடப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறப்பார்கள். பஞ்சர் கடை டயர், கொல்லையில் கிடக்கிற பழைய ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, கட்டட வேலைக்குத் தண்ணீர் தேக்கி வைத்திருக்கும் தொட்டி, சொந்தக்காரர் சென்னையில் இருக்கப் பூட்டியே கிடக்கிற வீடு, இவற்றை விட்டுவிடாதீர்கள். பூட்டிய வீடு என்றால் உள்ளாட்சியில் எழுதிக் கொடுங்கள், கொசு வளரவிடுகிற இடத்துக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2017-இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தபோது இப்படி நிறைய நோட்டீஸ் போனது. கிணறு இருந்தால் கொசுப்புழுவைத் தின்கிற கம்பூசியா மீன் கேட்டு வாங்கி விடலாம், கண்மாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டுப் பெண்கள் சுத்தமாக இல்லாததால் டெங்கு வந்தது என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. தினமும் தண்ணீர் வந்தால் யார் ஐந்து டிரம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? அடுத்த மனுவில் புகையோடு சேர்த்துத் தண்ணீரையும் கேளுங்கள்.

நிலவேம்பு கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், ஆனால் அதைக் குடித்தவனைக் கொசு கடிக்காமல் விடப்போவதில்லை. சாயங்காலம் ஜன்னலை மூடுகிறீர்கள், ஏடிஸ் பகலில் கடிப்பது, விடிந்த கொஞ்ச நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும் அதற்கு உகந்தவை. பையன் மதியம் தூங்கினாலும் வலைக்குள் தூங்கட்டும், பள்ளிக்கு முழுக்கை சட்டை போட்டு அனுப்புங்கள்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள், வலி ஊசியும் வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். உப்புச் சர்க்கரைக் கரைசல், கஞ்சி, இளநீர் என்று கொடுத்துக்கொண்டே இருங்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான நேரமே மூன்றாம் நாளுக்குப் பிறகு சூடு இறங்குகிற சமயம்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல் இருப்பது, துவண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் பப்பாளி இலையைத் தேடிப் போகாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மகளுக்கு ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்றும் இருக்க வேண்டாம். டெங்குவில் நான்கு வகை உண்டு, இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். இப்போது தெருவில் வேறு யாராவது காய்ச்சலில் படுத்திருந்தால் அவர்களைப் பகலிலும் வலைக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள், அவர்களைக் கடிக்கிற கொசு பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த வீட்டுக்கு டெங்குவைக் கொண்டு போகும்.