ரீலோடிங் மேசை ஆடாமல் நிற்க என்ன வழி?

ரீலோடிங் என்பது சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறையில் புதிய பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு ஆகியவற்றை வைத்து மீண்டும் தோட்டாவாக்குவது. இதற்கு மேசையில் போல்ட் போட்டுப் பொருத்தும் கைநெம்புக் கருவிதான் பிரஸ். டெக்சஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரைபிள் தோட்டாக்களை ரீலோடிங் செய்வதற்காக, 1,000 பவுண்டு தாங்கும் என்று சொல்லி விற்ற மேசையை வாங்கி கராஜில் போட்டேன். பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் அது ஆடுகிறது. வேறு மேசை வாங்க வேண்டுமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். விற்பவர் சொல்லும் 1,000 பவுண்டு என்பது மேலே அசையாமல் வைக்கப்படும் எடைக்கான கணக்கு. ரீலோடிங் மேசைக்கு வரும் சோதனையோ வேறு. கைப்பிடியைக் கீழே அழுத்தி உறையை டைக்குள் (உறைக்குச் சரியான வடிவம் தரும் அச்சு) ஏற்றும்போது பிரஸ் உங்கள் பக்கமாகக் கவிழப் பார்க்கிறது, அதன் பின்பக்க போல்ட்டுகள் பலகையை மேல்நோக்கி இழுக்கின்றன. கைப்பிடியை உயர்த்தி உறையை வெளியே எடுக்கையில், குறிப்பாக கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் விரிப்பான் உறையின் கழுத்தில் பிடித்துக்கொண்டால், விசை அப்படியே எதிர்த்திசைக்கு மாறுகிறது. இந்த ஆட்டம் கைக்கு அலுப்பு தருவதோடு நிற்பதில்லை: அதே மேசையில் பவுடர் அளக்கும் கருவி இருந்தால், அதிர்வில் பவுடர் கூடுதலாகப் படிந்து அளவு மாறக்கூடும்.

முதலில் ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒருவர் கைப்பிடியை இயக்க, நீங்கள் பிரஸ்ஸின் அடிப்பகுதியும் பலகையும் சேரும் இடுக்கில் விரலை வையுங்கள். பிறகு பலகையும் சட்டமும் சேரும் இடம், அதன்பின் கால்களின் மூட்டு. எந்த இடுக்கு விரலுக்கடியில் திறந்து மூடுகிறதோ, வேலை அங்கேதான்.

பலகை வளைந்தால், முக்கால் அங்குல பிளைவுட் ஒன்றின்மேல் இன்னொன்றைப் பசையும் திருகும் போட்டு ஒட்டி ஒன்றரை அங்குலமாக்குங்கள். பிரஸ்ஸை இரு கால்களுக்கு நடுவே வைக்காமல், ஒரு காலை ஒட்டி முன்விளிம்பில் வையுங்கள். மரத்திருகு போதாது; பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் இரும்புத் தகடு அல்லது அகலமான வாஷர், நைலான் பூட்டு நட் ஆகியவை வேண்டும். மரம் அமுங்கும் என்பதால் சில நாள் பயன்பாட்டுக்குப்பின் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

கால்கள் ஆடினால் பின்பக்கம் முழுவதும் பிளைவுட் அறைவதோ குறுக்குச் சட்டம் கொடுப்பதோ நல்லது. அதைவிட நல்லது சுவரோடு பிணைப்பது. உங்கள் சுவரில் மரச் சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் இருக்கும். அவற்றைத் தேடிக் கண்டு, முன்துளை போட்டு, மேசையின் பின்சட்டத்தை லேக் ஸ்குரூவால் (தடித்த, நீண்ட மரத்திருகு) அவற்றிலேயே முடுக்குங்கள். வெறும் ஜிப்சம் பலகையில் செருகும் ஆங்கர்கள் இதற்குத் தாங்கா.

கான்கிரீட் தரையில் துளையிடும் எண்ணம் இருந்தால் சற்றுப் பொறுங்கள். டெக்சஸின் பல வீடுகளில் தரைக்குள் இழுவிசையில் நிற்கும் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. கராஜ் தரையில் அதற்கான எச்சரிக்கை முத்திரை பதிந்திருப்பதும் உண்டு. அந்தத் தரையில் துளையிடவே கூடாது. வாடகை வீடென்றால் கீழ்த்தட்டில் ஈயக் குண்டுப் பெட்டிகளை அடுக்கினாலே மேசை கணிசமாக அடங்கும்.

கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்தால் மேசையை அதனருகே போடாதீர்கள். வேலை நடக்கும்போது மேசைமேல் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும்; மற்ற பவுடரும் பிரைமரும் அவற்றின் அசல் கொள்கலனிலேயே, வெப்பமும் நெருப்பும் அண்டாத வேறிடத்தில் இருக்க வேண்டும்.