குழாய்க்கிணறு அடித்தாயிற்று, மோட்டர் வாங்குமுன் எவ்வளவு தண்ணீர் வரும் என்று எப்படிப் பார்ப்பது?

கொக்கட்டிச்சோலைப் பக்கம் 45 மீற்றருக்கு ஆறு அங்குலக் குழாய்க்கிணறு, தண்ணீர் 6 மீற்றரில் நிற்கிறது, அடித்தவர் கம்பிரசரால் ஊதிக் காட்டிவிட்டு "ஊத்துக் கொட்டுது மனே, ஒன்றரைக் குதிரைவலு மோட்டரே போடலாம்" என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு மோட்டர் வாங்காதீர்கள்.

ஊதும்போது சீறிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி ஏற்கெனவே துளையில் நின்ற தண்ணீர். ஆறு அங்குலத் துளையில் மீற்றருக்கு ஏறத்தாழ 18 லீற்றர் நிற்கும். உங்களுடையதில் 39 மீற்றர் தண்ணீர், அதாவது 700 லீற்றர். ஊற்றே இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 60 லீற்றர் இறைக்கும் மோட்டர் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். உங்கள் பக்கமான படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, மண்ணுக்குக் கீழே கல். கல் வெடிப்பு வழியாக வருவதுதான் ஊற்று. பக்கத்து வளவுக்காரர் கோடையிலும் இறைக்கிறார் என்பதை வைத்து உங்கள் கிணற்றை எடைபோட முடியாது.

படுவான்கரையில் மச்சானின் தோட்டத்தில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தண்ணீருக்குள் இறக்கும் மோட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாய்க்குழாயில் வால்வு பூட்டினோம். மேலே வைக்கும் மோட்டர் இதற்குச் சரிவராது, 7 மீற்றருக்குக் கீழே போனால் அதனால் உறிஞ்ச முடியாது. மோட்டர் குழாயோடு சேர்த்து அரை அங்குல பிவிசி குழாய் ஒன்றையும் இறக்கினோம், அளக்கும் வயர் சிக்காமல் போய்வர. நுனி இரண்டையும் உரித்த இரட்டை வயரை மல்ரிமீற்றரில் மாட்டி விட்டால், தண்ணீரைத் தொட்டதும் முள் அசையும். வயரில் மீற்றருக்கு மீற்றர் ரேப் சுற்றியிருந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

மோட்டரை ஓடவிட்டு 20 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். 20 செக்கன் என்றால் நிமிடத்துக்கு 60 லீற்றர். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு நிமிடம், பிறகு ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தை எழுதுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் வால்வைக் குறைத்து மறுபடி பாருங்கள். எந்த அளவில் இறக்கம் நிற்கிறதோ, அதுதான் கிணறு தரும் தண்ணீர். வீட்டுக்கென்றால் மூன்று நான்கு மணித்தியாலம் போதும், மிளகாய், கச்சான் வைக்கிற யோசனை இருந்தால் ஒரு முழு நாள் ஓட்டுங்கள். இறைத்த தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் விடவேண்டும், கிணற்றடியில் விட்டால் அதுவே திரும்பி உள்ளே இறங்கிக் கணக்கைக் கெடுக்கும்.

மோட்டரை நிறுத்தியதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எனக்குக் கேட்டால் இதுதான் முக்கியமான பகுதி. அடியில் கிடக்கும் மட்டம் இரண்டு நிமிடத்தில் ஒரு மீற்றர் ஏறினால் 18 லீற்றர் ஊறியிருக்கிறது, நிமிடத்துக்கு 9, மணிக்கு 540. மேலே வர வர ஏற்றம் மெதுவாகும், அது வழமை. மணிக்கு 540 என்பது ஒரு வீட்டுக்குத் தாராளம்: சின்ன மோட்டர், 1000 லீற்றர் தாங்கி, தண்ணீர் இறங்கினால் தானாக நிறுத்தும் கருவி. ஒன்றரைக் குதிரைவலு போட்டால் அடிக்கடி வெறும் காற்றை இறைத்து எரியும்.

இதையெல்லாம் ஆவணி, புரட்டாதியில் செய்யுங்கள். மாரி முடிந்த கையோடு பார்த்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான்.

எழுவான்கரையில், அதாவது கடலோரமான கல்லடி, கல்முனைப் பக்க மணலில், கதை வேறு. அங்கே தண்ணீர் தாராளமாக வரும், பயம் உப்புக்கு. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் குறைந்தால் அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலேறும் என்பது பழைய கணக்கு. அங்கே வாளியைவிட நாக்கும் உவர்ப்புமானியும்தான் உதவும், மெதுவாக, குறைவாக இறைக்கவேண்டும்.

சோதனை முடிகிற நேரத்துத் தண்ணீரில் ஒரு போத்தல் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். புளோரைட்டு, இரும்பு, கடினத்தன்மை மூன்றையும் கேளுங்கள். புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கடைக்குப் போகும்போது கிணறு 45 மீற்றர் என்று மட்டும் சொல்லாமல், ஓடும்போது மட்டம் எங்கே நின்றது, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர், தாங்கி எவ்வளவு உயரம் என்ற மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள்.