காதருகே ஒடித்த மஞ்சள்

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்திவருகிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறாள். அதற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். கோவையில் ஓர் ஆலோசகரை அமர்த்தியிருக்கிறோம். ஓர் அறக்கட்டளை தொடங்கி ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பித்ததாக எழுதினால் கட்டுரை தனித்துத் தெரியும் என்கிறார். இவளோ விடுமுறையில் செக்கிங் பெண்களோடு உட்கார்ந்துகொண்டு, தையலைப் பார்த்தே எந்த டெய்லர் தைத்தது என்று சொல்லிப் பொழுதைப் போக்குகிறாள். கட்டுரை எடுபட என்ன செய்யலாம்? தாங்கள் ஒருமுறை திருத்தித் தர இயலுமா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள அம்மணி,

திருத்தித் தர மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆலோசகருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது உங்கள் பாடு. ஆனால் தொடங்காத அறக்கட்டளையைத் தொடங்கியதாக எழுதச் சொல்பவரை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டாமா? விண்ணப்பத்தில் உள்ளவை யாவும் உண்மை, தன் சொந்த ஆக்கம் என்று உறுதிகூறி ஒப்பமிடப்போவது அவரல்ல, உங்கள் மகள்.

உங்கள் தடுமாற்றம் எனக்குப் புரியாமலில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம் என 200-க்குக் கணக்கிட்டு வரிசையில் நிறுத்தும் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்த ஒற்றை எண்ணுக்காகவே பிள்ளைகளை நாமக்கல் விடுதிகளில் விட்டுவந்தவர்கள். ஆகவே கட்டுரை என்றதும் அதற்கும் ஒரு விடைக்குறிப்பு எங்கோ இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் கேட்கப்படுவது 250 முதல் 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை. கொடுக்கப்படும் ஏழு தலைப்புகளில் ஒன்று, நீ விரும்பியதை எழுது என்பதே. மதிப்பெண்ணும் சான்றிதழும் அதே விண்ணப்பத்தின் வேறு பக்கங்களில் இருக்க, அவற்றுக்குள் அகப்படாத பிள்ளை எப்படிப்பட்டவள் என்று அறியத்தான் இந்த 650 சொற்கள்.

இனி, ஏன் திருத்த மாட்டேன் என்பது. சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் இதே போன்றதொரு கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தான். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வேகவைப்பதையும், அப்புச்சியோடு, அதாவது தாய்வழித் தாத்தாவோடு, வண்டியேறி ஈரோட்டு மண்டிக்குப் போனதையும் எழுதியிருந்தான். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் இருந்தது. நான் எழுத்தாளன் அல்லவா? இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டைச் சேர்த்தேன்; மரபும் உலகச் சந்தையும் சந்திக்கும் புள்ளி என்றொரு வாக்கியத்தை எழுதி, அதன் அழகில் நானே மயங்கினேன். அவன் படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங் மாமா" என்றான். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கட்டுரையைப் பற்றி இன்றுவரை அவன் என்னிடம் பேசியதில்லை.

சென்ற மாதம் பழைய கோப்புகளைத் துழாவியபோது அவன் எழுதிய முதற்படி கிடைத்தது. நான் அடித்துவிட்ட வரிகளில் ஒன்று இது: மண்டியில் வியாபாரிகள் விரலி மஞ்சளை ஒடித்து உள்ளே நிறம் பார்ப்பார்கள், அப்புச்சி மட்டும் அதைக் காதருகே வைத்து ஒடித்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, பிறகுதான் நிறத்தைப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்த விரலி சடக்கென்று ஒடியும். ஈரம் மிச்சமிருந்தால் அந்த ஒலி எழாது. அப்புச்சி என்று அவன் எழுதியிருப்பது என் தந்தையை. நாற்பது ஆண்டுகள் அவரோடு மண்டிக்குப் போய்வந்தவன் நான். அவர் காதருகே வைத்து ஒடிப்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. பதினேழு வயதில் அவன் கவனித்திருக்கிறான். அதை நான், பொருளுக்குத் தேவையற்றது என்று ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறேன்.

பிழை திருத்துவது வேறு, பிள்ளையை எடுத்துவிட்டு நாம் போய் உட்கார்ந்துகொள்வது வேறு என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இருந்தும் என் கையை நான் நம்பத் தயாரில்லை. எழுத்துப்பிழை பார்க்க அவளுடைய ஆங்கில ஆசிரியை போதும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கித் தன்னுடையதாக அனுப்புவதை அந்த விண்ணப்பத்தின் விதிகளே மோசடியில் சேர்க்கின்றன. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. பொழுதைப் போக்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதிய பின் ஒருமுறையாவது படித்துப் பார்த்தீர்களா? நூறு சட்டைகள் ஒரே அளவில், ஒரே நிறத்தில் குவிந்து கிடக்க, பிசிர் வெட்டும் பெண்களின் நடுவே அமர்ந்து, இது இன்னார் கைத்தையல் என்று சொல்லும் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள். எப்படிச் சொல்கிறாள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கழுத்துப்பட்டி சேருமிடத்திலா, நூல் இழுபட்டிருக்கும் விதத்திலா, தையலை முடிக்கும் இடத்திலா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள மிகுந்த ஆவல். ஆயினும் முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். அதுவரை என்னிடம் எதையும் காட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அனுப்பி முடித்த மறுநாள் அவளே எனக்கு எழுதட்டும்.