பீஸ் ரேட்டை உயர்த்தியும் ஆல்டர் குறையாதது ஏன்?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். பீஸ் ரேட்டை உயர்த்திய பிறகு உற்பத்தி கூடியது. ஆல்டரும், அதாவது தவறாகத் தைத்துத் திருத்த வேண்டிய பீஸ்களும், சேர்ந்தே கூடியது. தேர்ந்த டெய்லர்களே சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். தனியாக ஊக்கத்தொகை அறிவித்தால் நிலைமை மாறுமா?

பதில்: வேலை அமைப்பை இப்போது இருப்பதுபோலவே வைத்துக்கொண்டு பணத்தை மட்டும் கூட்டினால் மாறாது என்றே கருதுகிறேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் பீஸைத்தான் கூட்டுவார். அது அவர் குற்றமல்ல. அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும்: கூலியும் மேற்பார்வையும் மோசமாக இருந்தால் மனக்குறை பெருகும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே வேலையில் பிடிப்பு வந்துவிடாது. அவருடைய ஆய்வுமுறை பின்னாளில் விமர்சிக்கப்பட்டாலும், தொழிற்கூடங்களில் நான் காண்பது இதையே.

உங்கள் லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், ஒரு கழுத்துப்பட்டி எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஓவர்லாக் மெஷினில் ரிப்பை (கழுத்துக்கு வைக்கும் இழுபடும் பின்னல் துணியை) இழுத்துப் பிடிக்கும் அளவு சற்று மாறினால் கழுத்து அலை அலையாக நிற்கும். தைத்தவருக்கு அது அப்போது தெரிவதில்லை. பண்டில் பண்டிலாகப் பல கை மாறிய பிறகு, கடைசி செக்கிங் மேசையில்தான் தெரியவருகிறது. அதற்குள் அதே தவறு நூற்றுக்கணக்கான பீஸ்களில் ஏறிவிடுகிறது, யார் தைத்தது என்ற சண்டையும் தொடங்கிவிடுகிறது. ஹாக்மன், ஓல்டாம் என்ற இருவர் 1970-களில் வேலையின் தன்மையை ஆராய்ந்து சொன்ன ஐந்து கூறுகளில், வேலையின் பலனை உடனே அறிவதும், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமையும் அடங்கும். உங்கள் லைனில் இந்த இரண்டும் இல்லை.

முதலாவதைச் சரிசெய்ய ஆடைத் தொழிலிலேயே எளிய வழி உண்டு. லைன் நடுவே ஒரு செக்கர், நேரம் சொல்லாமல் ஒவ்வொரு மெஷினிலும் 7 பீஸ் எடுத்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளில் ஒன்றை அங்கேயே மாட்டுவார். சிவப்பு விழுந்தால் மெஷின் நிற்கும்; முதலில் ஊசியையும் நூலின் டென்ஷனையும் (இறுக்கத்தையும்) பார்க்க வேண்டும், தைத்தவரைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் அட்டை தண்டனையாகிவிடும், தவறுகள் மறைக்கப்படும்.

அடுத்தது உரிமை. மழுங்கிய ஊசியை மாற்றவும், பழுதான துணியைத் திருப்பி அனுப்பவும் உங்களைக் கேட்க வேண்டியிருந்தால், அந்த லைனுக்குச் சூப்பர்வைசர் இருந்தும் இல்லாததற்குச் சமம். அவர் எதை எதைத் தாமே முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள். டெய்லரும் மெஷினை நிறுத்தலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். டொயோட்டா ஆலைகளில் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவி கேட்கவும், தேவையானால் லைனை நிறுத்தவும் முடிகிறது.

நல்ல டெய்லர்கள் வேலையை விட்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரேட் அட்டையிலேயே இருக்கும். கை தேர்ந்தவர் என்பதால் கடினமான வேலைகளான கழுத்தும் பிளாக்கெட்டும் (பட்டன் வைக்கும் முன்பட்டி) அவரிடம் போகின்றன. பக்கத்து மெஷினில் எளிதான சைடு (பக்கவாட்டுத் தையல்) அடிப்பவர் அதே நேரத்தில் அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். போதாக்குறைக்குப் பிறருடைய ஆல்டரும் அவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்து, அந்த அளவில் டெய்லர்களையும் உடன் வைத்துக்கொண்டு ரேட்டைத் திருத்துங்கள். புதிய ஸ்டைல் ஏறும்போது கை பழகும்வரை பீஸ் கணக்கு பார்க்காமல் ஷிப்ட் கூலியே கொடுங்கள். ஆல்டருக்குத் தனி ரேட் வையுங்கள்.

ஊக்கத்தொகையை இவற்றுக்குப் பிறகு, ஒரே ஒரு லைனில், கைமடிகளையும் (டெய்லருக்கு உதவி செய்பவர்களையும்) சேர்த்துக் குழுவாகவும் தரமான பீஸுக்கு மட்டுமாகவும் தொடங்கிப் பாருங்கள். துணிப் பழுதும் மெஷின் பழுதும் குழுவின் கணக்கில் சேரக்கூடாது. ஆல்டருக்காகக் கூலியைப் பிடிக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், முதல் நாளிலேயே அதை நிறுத்திவிடுங்கள்.